அக்கா இறக்கிய சுருதி

மெட்டு என்று அவனுக்குப் பெயர் வைத்தது பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சு. எந்நேரமும் வாயில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பான் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், முப்பத்து நான்கு வயதாகியும் உதிரவில்லை. காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை படச்சட்டக் கடையில் வேலை. மரப்பட்டியைக் கோணம் பிசகாமல் அறுத்து, நான்கு மூலையும் இணைந்த இடம் தெரியாமல் சேர்த்து, கண்ணாடி பொருத்தி, பின்னால் அட்டை அடித்துக் கொடுப்பான். மிச்ச நேரமெல்லாம் கிட்டார். குடியிருப்பது அக்கா வீட்டு மாடியில், ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் நாலைந்து ஒலிப்பெட்டிகளும் அடைந்து கிடக்கும் அறையில்.

அந்தக் கிட்டாரே அக்காவுடையதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நன்றாகவே வாசிப்பாள். பிறகு பாட்டில் ஃபாக்டரியில் வேலை கிடைத்தது. நகரும் பட்டையில் ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடுகிற கூடத்தில் பதினொரு வருஷம் நின்றாள். காதடைப்பான் கொடுத்தார்கள்தான், அதைப் போட்டால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது, போடாவிட்டால் நாளைக்கு எதுவுமே கேட்காது. முதலில் போனவை கீச்சென்ற சத்தங்கள். குருவி போயிற்று, குக்கர் விசில் போயிற்று, கடைசியில் கிட்டாரின் அடியிலுள்ள மெல்லிய கம்பிகள் இரண்டும் போயின. ஒருநாள் கிட்டாரைத் தூக்கித் தம்பியிடம் கொடுத்து, "நீயே வச்சுக்கோ, எனக்கு இது பாதி ஊமையாயிடுச்சு" என்றாள்.

காது போனதற்கு ஈடாக அவளுக்குக் கண் வந்தது. அந்தக் கூடத்தில் யாரும் யாரோடும் காதால் பேசியதில்லை, எல்லாம் உதடுதான். வீட்டில் அது பெரிய வேடிக்கை. தொலைக்காட்சியில் சத்தத்தை நிறுத்திவிட்டுச் செய்தி பார்ப்பாள். எதிர் மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டையை ஜன்னலில் நின்று மாமாவுக்கு வரி விடாமல் சொல்வாள். மாமா ரொட்டி வண்டி ஓட்டுபவர். "இவகிட்ட ரகசியம் பேசணும்னா முகமூடி போட்டுக்கிட்டுத்தான் பேசணும்" என்று அலுத்துக்கொள்வார். அவளுடைய காதுக்கருவி மேஜை இழுப்பறையில் கிடக்கும். கூட்டத்தில் போட்டால் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றிவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மெட்டு இரண்டு நண்பர்களோடு வீட்டுக்கு வந்தபோது, அக்கா அவன் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிட்டாரின் தோளில் தாடையை அழுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கம்பிகள் தொளதொளவென்று தொங்கின. சத்தம் மாடு செருமுவதைப்போல இருந்தது.

"என்னக்கா, கிட்டாருக்கு எலும்பு முறிஞ்சு போச்சா?" என்றான் மெட்டு. நண்பர்கள் சிரித்தார்கள்.

தோளைத் தொட்ட பிறகுதான் அக்கா கண்ணைத் திறந்தாள். "எனக்குக் கேக்குற வரைக்கும் இறக்கிக்கிட்டே வந்தேன்டா. இப்ப எல்லாமே கேக்குது" என்றாள், சந்தோஷமாக.

மூன்றாவது கம்பியை மட்டும் தொடாமல் மற்ற ஐந்தையும் இறக்கியிருந்தாள். ஆறு கம்பியிலும் இரண்டே சுரங்கள்: ச, ப, ச, ப, ப, ச. விரலால் எதையும் அழுத்த வேண்டாம், சும்மா தட்டினாலே முழுக் கிட்டாரும் ஒரே ரீங்காரமாக எழுந்து நின்றது. அடுத்தடுத்திருந்த இரண்டு 'ப' மட்டும் சரியாகச் சேரவில்லை. மெட்டு அதைப் பிசகென்று நினைத்துத் திருகப் போனான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணாயிட்டா செத்துப்போயிடுதுடா. கொஞ்சம் தள்ளி வச்சாத்தான் மூச்சு விடுது. தாடைய வச்சுப் பாரு."

நண்பர்கள் போன பிறகு வைத்துப் பார்த்தான். இரண்டு கம்பிகளுக்கும் நடுவிலிருந்த அந்த மயிரிழை வித்தியாசம் மெல்ல அலையாக எழுந்து, தணிந்து, மறுபடி எழுந்தது. பல்லின் வேர் வரைக்கும் வந்து போயிற்று. அவன் கிட்டாரை மெல்லக் கீழே வைத்தான்.

அதிலிருந்து நான்கு மணிக்கு டீயோடு மாடிக்கு வருவது அக்காவின் வழக்கமாயிற்று. பத்து நிமிஷம் தாடையை வைத்து வாசிப்பாள், கம்பி இறங்கியிருந்தால் தானே சரிசெய்வாள், காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். அவள் போன பிறகு மெட்டு வாசிப்பான். அவன் பங்கு அதில் இல்லாமலில்லை. இறக்கிய கம்பிகள் கட்டையில் மோதிக் கடகடத்தன. தடித்த கம்பிகளாக மாற்றினான். நகத்தால் தட்டுவதை விட்டு, மென்மயிர்த் தூரிகையால் கம்பிகளின் மேல் நீவினான். எதிரொலிப் பெட்டி வழியாக அனுப்பியபோது ஆரம்பமும் முடிவும் இல்லாத ஓர் ஒலி அறை முழுக்க நிறைந்து நின்றது. மெட்டு என்று பெயர் வைத்துக்கொண்டு மெட்டே இல்லாத இசையை மணிக்கணக்கில் வாசித்தான். மாமா ஒருநாள் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

ஆனால் அதைக் கேட்கவும் ஆளிருந்தது. சின்னச் சின்ன அரங்குகளில் இருபது பேர், முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒரு பெண் இயக்குநர். மலைப்பாதையில் மூடுபனி விலகுவதற்காக நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் லாரிக்காரர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பனிக்கு இதுவரைக்கும் எனக்குச் சத்தம் கிடைக்கல, இன்னைக்குக் கிடைச்சிருச்சு" என்றார். படம் முழுக்க மெட்டுவின் கிட்டார்தான்.

முதல் திரையிடல் ஒரு ஞாயிறு பிற்பகல், நூலகத்துக் கூடத்தில். அக்கா நல்ல உடுப்பு உடுத்தி, பீரோவில் பூட்டி வைத்திருந்த தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் மாமா தெருமுனையில் வண்டியோடு நின்றுவிட்டார். அக்கா தனியாக வந்து, ஐந்தாவது வரிசையில், பக்கத்தில் ஒலிபெருக்கி இருக்கும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். படம் ஓடியபோது அவள் உள்ளங்கை ஒலிபெருக்கிப் பெட்டியின் மேலேயே இருந்ததை மெட்டு பார்த்தான்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. மெட்டுவையும் மேடைக்கு அழைத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"அந்த கிட்டார் சத்தம் மூச்சு விடுற மாதிரியே இருக்கு. வழக்கமான ட்யூனிங் இல்லைன்னு தெரியுது. இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மெட்டு வாயைத் திறந்தான். இன்று வரைக்கும் அவனுக்குத் தெரியாது, அந்த இடத்தில் 'எங்கக்கா' என்ற ஒரே ஒரு வார்த்தை ஏன் வரவில்லை என்று. நூறு முகங்கள் அவனையே பார்த்தன. அப்படி யாரும் அவனை அதற்கு முன் பார்த்ததில்லை.

"மூணு மாசம் ரூம்ல அடைஞ்சு கிடந்தேங்க" என்றான். "ஒவ்வொரு கம்பியா ஏத்தி இறக்கி, நோட்டுப் போட்டு எழுதி வச்சு... பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு கம்பியைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்த்தப்பதான் உயிர் வந்துச்சு."

"வீட்ல தொல்லைன்னு சொல்லலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க வீட்ல ஒருத்தருக்குக் காது கேக்காது. அது ஒரு வசதி."

கூடம் குபீரென்று சிரித்தது. மெட்டுவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பார்வையை ஓட்டியவன் ஐந்தாவது வரிசைக்கு வந்ததும் நின்றான். அக்காவின் கண்கள் அவன் உதட்டின் மேல் இருந்தன. அவளும் சிரித்தாள். எல்லோரும் சிரித்து ஒரு நொடி கழித்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.

அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னான் என்பது அவனுக்கு நினைவில்லை. காதுமடல் இரண்டும் தீயாய் எரிந்தன.

ரொட்டி வாசனை அடிக்கும் வண்டியில் மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து வீடு திரும்பினார்கள். அக்கா நடுவில். மாமா வண்டியை ஓட்டிக்கொண்டே முகத்தை அவள் பக்கம் திருப்பி, "நம்ம ஆளு மேடையில என்ன பேசினான்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் பேசினான்" என்றாள் அக்கா. "எல்லாரும் கை தட்டினாங்க."

மெட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் திட்டியிருந்தால் இறங்கி நடந்தாவது போயிருப்பான்.

மறுநாள் நான்கு மணிக்கு டீ வரவில்லை. கீழே போனபோது சமையல்மேடையில் டம்ளர் மூடி வைக்கப்பட்டிருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும்போல "ஆறிடப் போகுது, குடி" என்றாள். முகத்தில் கோபமில்லை. எதைக் கேட்டாலும் பதில் சொன்னாள். மாடிக்கு மட்டும் வரவில்லை. ஒரு வாரம் அவன் அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தான். மாடிப்படியில் காலடி கேட்டால் நிமிர்ந்து பார்ப்பான். துணி உலர்த்தப் போகிற மாமாவாக இருக்கும்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். கடையில் சட்டம் அறுக்கும்போது வாக்கியங்களைக் கோத்துப் பார்ப்பான். முதலில் அவள் கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று தன்னைத்தானே ஏமாற்றிப் பார்த்தான். அது எடுபடவில்லை. பிறகு, அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பார்த்தான். அதுவும் எடுபடவில்லை. இரண்டு பட்டிகளைத் தப்பாக அறுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பத்தாம் நாள் பத்திரிகை வந்தது. அரைப்பக்கக் கட்டுரை, அவன் படத்தோடு. கிட்டார் வாசிப்பவர்கள் செய்துபார்ப்பதற்காகச் சுருதி அமைப்பைப் படம் போட்டு விளக்கி, அதற்கு 'மெட்டு சுருதி' என்று பெயரும் வைத்திருந்தார்கள். மூன்று மாதம், நோட்டுப் புத்தகம், எல்லாம் அச்சில் இருந்தது. வீட்டில் ஒருவருக்குக் காது கேட்காது என்ற நகைச்சுவையையும் விடவில்லை. மாமா ஐந்து பிரதி வாங்கி வந்து, ஒன்றைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். கட்டுரையை முழுதாகப் படிக்கிற ஆளில்லை அவர். படத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், ஒட்டினார். அக்கா அந்தக் கதவை ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து மூடினாள்.

மூன்றாம் நாள் காலையில் மெட்டு அதைக் கிழித்தெடுத்தான். பசை உரிந்து பாதிக் காகிதம் கதவிலேயே தங்கிவிட்டது. நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது மாமா பின்னால் வந்து நின்றார். அக்கா அடுப்பருகே இருந்தாள்.

"ஏன் மாப்ள? கண்ணு படும்னு எடுக்கறியா?"

"பொய்யி மாமா" என்றான் மெட்டு. "அதுல இருக்கறது பொய்யி. அந்தச் சுருதி அக்கா வச்சது. நான் வச்சேன்னு சொல்லிட்டேன்."

மாமா ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். மெட்டு அவளுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். "மன்னிச்சிருக்கா."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"சுருதிய..."

"சுருதி கிடக்கட்டும். அதுக்கு யார் பேர வேணா வச்சுக்கோ. நாலு திருகைத் திருப்பினேன், அவ்வளவுதான். நீதான் அதை வாசிச்ச." கரண்டியைக் கீழே வைத்தாள். "வசதின்னு சொன்னியே. அதுக்கு என்ன சொல்லப் போற?"

மாமாவின் முகம் மெல்ல மாறியது. அவர் கிழிந்த காகிதத்தை வாங்கி, முதல் தடவையாக அதைப் படிக்க ஆரம்பித்தார்.

"ஃபாக்டரியில சொல்லுவாங்க, பஸ்ல சொல்லுவாங்க. அவங்களுக்குத் தெரியாது, விட்டுடலாம்" என்றாள் அக்கா. "நீ தெரிஞ்சவன். அதுகூடப் பரவால்ல. நானும் சிரிச்சேன், பாத்தியா? எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு நானும் சிரிச்சேன். கை வேற தட்டினேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் எனக்கே வெக்கமா போச்சு. நான் ஏன்டா சிரிச்சேன்?"

அவள் குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் இருக்கும். எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சமையலறையில் அது சுவரில் முட்டித் திரும்பி வந்தது. மெட்டு தரையைப் பார்த்தான். தரையைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் அவளுக்குக் கேட்காது என்பது உறைத்து மறுபடி நிமிர்ந்தான்.

"போ, கடைக்கு நேரமாச்சு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அவன் ஒரு பயிற்சி வகுப்பு எடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தான். இயக்குநர்தான் ஏற்பாடு செய்திருந்தார். பதினான்கு பேர் கிட்டாரோடு வந்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் பத்திரிகைக் கட்டுரையையும் கொண்டுவந்திருந்தார்கள். மெட்டு கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றான். "இதை நான் கண்டுபிடிக்கல. எங்கக்கா கண்டுபிடிச்சாங்க. அவங்களுக்கு மேல்ஸ்தாயிச் சத்தம் கேக்காது, அதனால கேக்குற அளவுக்கு இறக்கினாங்க. மூணு மாசம், நோட்டு, எதுவும் கிடையாது. நான் அவங்களைக் கிண்டல்தான் பண்ணினேன். மேடையிலயும் பண்ணினேன்."

ஒரு பெண் கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்தாள். முன்னால் இருந்த தாடிக்காரர், "அப்ப நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மெட்டுவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தடித்த கம்பியும் தூரிகையும் தன்னுடையவை என்றான். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. பிறகு ஒன்றரை மணி நேரம் கற்றுக்கொடுத்தான். இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்கள்.

சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்திருந்தான். இறங்கவில்லை. இயக்குநர் அவனை வாசலில் பிடித்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று பார்த்தால் அவர் கண்கள் பளபளத்தன.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? எவ்வளவு பெரிய விஷயம் இது! காது கேக்காத ஒரு பெண், ஃபாக்டரித் தொழிலாளி, தாடையால கேட்டு ஒரு சுருதியை உருவாக்குறாங்க. இதையே ஒரு படமா எடுத்துடலாம். அவங்களை ஒருநாள் பார்க்க முடியுமா?"

மெட்டு அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒளிக்கிற பழக்கம் இனி வேண்டாம் என்று நினைத்தான். அக்கா முழுதாகக் கேட்டாள். கேட்டாள் என்றால், அவன் உதட்டை முழுதாகப் பார்த்தாள்.

"நான் கிட்டாரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், அவங்க என் காதைப் பக்கத்துல வச்சு எடுப்பாங்க. பாக்குறவங்க 'ஐயோ பாவம்'னு அழுவாங்க. முதல்ல சிரிச்சாங்க, இப்ப அழணுமா?"

"வேண்டாம்னு சொல்லிடறேன்க்கா."

"சொல்லிடு. பேரை மட்டும் போடச் சொல்லு. சுருதி அமைப்புன்னு போட்டு என் பேரு. காது, ஃபாக்டரி, அதெல்லாம் வேண்டாம். பேரு போதும்."

இயக்குநருக்கு வருத்தம்தான். ஆனாலும் படத்தின் முடிவில் வரும் பட்டியலில் இசைக்கு மேலே ஒரு வரி சேர்த்தார். பத்திரிகைக்கு மெட்டு கடிதம் எழுதினான். மூன்று வாரம் கழித்து ஒரு மூலையில் நான்கு வரித் திருத்தம் வந்தது. அதை மாமா கத்தரிக்கவில்லை. கட்டுரையைப் படித்த நாளிலிருந்து அவர் மெட்டுவை 'மாப்ள' என்று அழைப்பதையே விட்டிருந்தார். "இந்தா", "ஏய்", இப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

மெட்டுவால் வாசிக்கவும் முடியவில்லை. அந்த ரீங்காரம் எழும்போதெல்லாம் கூடத்துச் சிரிப்பும் கூடவே எழுந்தது. ஒருநாள் எல்லாக் கம்பிகளையும் வழக்கமான சுருதிக்கு ஏற்றப் பார்த்தான். தடித்த கம்பிகள் அந்த இறுக்கத்துக்கு வரவில்லை. மெல்லிய கம்பிகள் வாங்கி மாட்டி ஏற்றினான். கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டான். தொடவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் அக்கா படியேறி வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. டீ இல்லை. அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"கிட்டார் எனக்குக் கீழ வேணும்" என்றாள்.

"எடுத்துக்கோக்கா. உன்னுதுதானே."

அவள் ஒரு விரலால் கம்பிகளைத் தட்டினாள். புருவம் சுருங்கியது. "ஏத்திட்டியா?"

தலையாட்டினான். "வாசிக்க முடியலக்கா. கேக்கவே வெக்கமா இருந்துச்சு."

"உனக்கு வெக்கம்னா கிட்டார் என்ன பண்ணும்?" என்றாள். குரலில் கடுமை இல்லை, இரக்கமும் இல்லை. "பழைய கம்பி எங்க?"

மேஜைக்கடியில் உறைகளில் போட்டு வைத்திருந்தான். எடுத்துக் கொடுத்தான். மாட்டித் தரட்டுமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கிட்டாரைக் கீழே சுமந்துபோக மட்டும் அவனை விட்டாள். கூடத்தில் மாமா காலை நீட்டிப் படுத்திருந்தார். எழுந்து இடம் விட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தடித்தவற்றைச் சுற்றினாள். முறுக்கி, இறக்கி, தாடையை வைத்து, தட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கினாள். அவள் நெற்றி வியர்த்திருந்தது. மெட்டு கதவோரம் நின்றான். அவனை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

அடுத்தடுத்த அந்த இரண்டு கம்பிகளும் ஒன்றாகி, விலகி, கொஞ்சம் அதிகமாக விலகி, பிறகு நின்றன. அலை எழுந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா அருகில் வந்து, தயங்கி, கிட்டாரின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

"இதுவா?" என்று மெட்டுவைப் பார்த்துக் கேட்டார். பல வாரத்துக்குப் பிறகு அவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

"ஆமா மாமா. இதுதான்."

அதற்குமேல் அங்கே நிற்க அவனுக்கு உரிமையில்லை என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, தெருவில் இறங்கி நடந்தான். முகம் இன்னும் சுட்டது.